விலை குறைந்த ஷார்ட் ஸ்கேல் பேஸ்: வாங்கினோம், பிரித்தோம், மாட்டினோம்

பதினான்கு வருடம் 34 அங்குல பேஸ் கிட்டார் வாசித்தவன் நான். (இந்த அங்குலக் கணக்கு தந்தி அதிரும் நீளம், அதைத்தான் ஸ்கேல் என்கிறோம். 30 அங்குலம் அளவில் இருந்தால் ஷார்ட் ஸ்கேல்.) ஷார்ட் ஸ்கேல் என்றாலே சிறுவர்கள் பழக வாங்குவது என்ற நினைப்பு எனக்கும் இருந்தது. இடது மணிக்கட்டு மக்கர் செய்ய ஆரம்பித்ததும் அந்த நினைப்பு போய்விட்டது. டேப்பை வைத்து அளந்து பார்த்தேன். நீள பேஸில் நட்டிலிருந்து (தலைப்பக்கம் தந்திகள் உட்காரும் பள்ளத் துண்டு) நான்காவது ஃப்ரெட் (விரல் வைக்கும் பலகையின் குறுக்குக் கம்பி) வரை 178 மில்லிமீட்டர், 30 அங்குல பேஸில் 157. இரண்டு சென்டிமீட்டர்தானே என்று தோன்றும். முதல் நான்கு ஃப்ரெட்டிலும் விரலுக்கு ஒன்றாக வைத்து இரண்டு மணி நேரம் வாசித்தவனின் சுண்டுவிரலைக் கேளுங்கள், அது சொல்லும்.

வாங்கியது பழையது, விலை குறைந்தது. பிராண்ட் பெயரைச் சொல்ல வேண்டாம், தப்பு அதன் மேல் இல்லை. கைக்கு அப்படி ஒரு சுகம். ஆனால் நான்கு தந்தியில் (ஈ, ஏ, டி, ஜி) தடித்ததான ஈ தந்தி மட்டும் துவண்டு கிடந்தது. தட்டினால் சுரம் வருவதற்கு முன்னால் 'தொப்' என்று ஒரு சத்தம். கொஞ்சம் அழுத்தி வாசித்தால் ஃப்ரெட்டில் மோதிக் கடகடத்தது. மலிவு பிக்அப்பின் (தந்தியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் காந்தச் சுருள்) லட்சணம் இது என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். யாரையும் கேட்கவில்லை. பேஸின் விலையில் பாதிக்கு ஒரு பிக்அப் வாங்கி, விரலைச் சுட்டுக்கொண்டு சால்டர் செய்து மாட்டினேன். அதே 'தொப்' இப்போது ரொம்பத் தெளிவாகக் கேட்டது.

அதற்கும் புத்தி வராமல் வால்யூம், டோன் குமிழ்களுக்கு அடியில் இருக்கும் பாட்களை (மாறும் மின்தடைகளை) மாற்றினேன். கெபாசிட்டரை மாற்றினேன். (இதை எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது.)

கோளாறு தந்தியில் இருந்தது. ஒரே தந்தியை ஒரே சுருதிக்கு முறுக்கினால் இழுவிசை ஸ்கேல் நீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறும், இறங்கும். 30-ஐ 34-ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 0.78. அதாவது 22 சதவீத விறைப்பு காணாமல் போகிறது. நீள பேஸில் 0.105 அங்குல ஈ தந்தி கம்பீரமாக நிற்கும். அதே தந்தி இங்கே தளர்ந்துதான் போகும். என் பேஸில் இருந்ததோ 0.095.

சரி, தடித்த தந்தி போட்டுவிடலாம் என்று வீட்டில் மீதம் இருந்த லாங் ஸ்கேல் செட்டை வெட்டி மாட்டினேன். அது அடுத்த அசட்டுத்தனம். ஷார்ட் ஸ்கேல் செட்டில் ஈ தந்தியின் தடித்த சுற்று நட்டைத் தாண்டியதும் மெலிந்துவிடும். அந்த மெல்லிய பகுதிதான் ட்யூனிங் கீயில் சுற்றப்பட வேண்டும். லாங் ஸ்கேல் தந்தியிலோ முழுத் தடிப்பும் கீ வரைக்கும் வந்து நின்றது. கம்பியை மடக்காமல் நேராக வெட்டினேன் வேறு. உள்ளே உருண்டைக் கோர் (நடுக்கம்பி) உள்ள தந்தியை அப்படி வெட்டக் கூடாது, மேல் சுற்று பிடி விட்டுப்போகும். மூன்றாம் நாள் அந்தத் தந்தி மரக்கட்டை போல ஆகிவிட்டது.

கடைசியில் அளவு பார்த்து வாங்கிய ஷார்ட் ஸ்கேல் ஃப்ளாட்வௌண்ட் (மேல் சுற்று தட்டையான) செட் ஒன்றைப் போட்டேன். அதே தடிப்புள்ள, உருண்டைக் கம்பி சுற்றிய ரவுண்ட்வௌண்டைவிட ஃப்ளாட்வௌண்ட் பெரும்பாலும் விறைப்பாக இருக்கும். முதல் சுரத்திலேயே தெரிந்தது. 'தொப்' போய், 'தும்' வந்தது. பழைய பிக்அப்பைத் திரும்ப மாட்டிப் பார்த்தேன். அதிலும் 'தும்'தான்.

விறைப்பு கூடியதால் நெக் (இடது கை பிடிக்கும் கழுத்து) முன்பக்கம் வளைந்தது என்பது தனிக் கதை. முதல் ஃப்ரெட்டில் கேப்போ (தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டு, நெக் உடலோடு சேரும் இடத்தில் ஈ தந்தியை அழுத்தி, ஏழாவது ஃப்ரெட்டில் உள்ள இடைவெளியை அளந்தேன். 0.8 மில்லிமீட்டர். 0.3 இருந்தால் போதும். நெக்குக்குள் வளைவைச் சரிசெய்யும் கம்பியான ட்ரஸ் ராடை ஒரே மூச்சில் திருகாமல், கால் சுற்று, ஒரு நாள் பொறுமை, மறுபடி அளவு, மறுபடி கால் சுற்று என்று போனேன். முதல் கால் சுற்றுக்கு மரம் 'கிரீச்' என்றது. எனக்கு உயிர் போய் வந்தது.

* * *

மேலே நண்பர் எழுதியதைப் படித்துச் சிரித்துக்கொண்டே இருந்தேன், ஏனென்றால் என் கதை இதற்கு நேர் எதிர். எனக்கு பிக்அப் மாற்றியதுதான் விடிவு.

என்னுடையதில் ஒரே ஒரு சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள் பிக்அப்), அதுவும் லீட் கிட்டாருக்கு உரிய அளவில். இது புதிய சிக்கனம் இல்லை. 1971-இல் வந்த ஃபெண்டர் மியூசிக்மாஸ்டர் பேஸிலேயே மூடிக்கு அடியில் ஆறு காந்த முனை கொண்ட கிட்டார் பிக்அப்தான் இருந்தது. ஆறு முனை, நான்கு தந்தி. எல்லாத் தந்தியும் முனைக்கு நேராக வராது. என் பேஸில் டி தந்தி இரண்டு முனைக்கு நடுவில் மாட்டிக்கொண்டு பக்கத்து வீட்டில் வாசிப்பதுபோலக் கேட்டது. இதோடு மின் இரைச்சல் வேறு. விளக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் தேனீக் கூட்டம்.

அதே அளவு குழியில் உட்காரும் பிளேடு வகை ஹம்பக்கர் (இரட்டைச் சுருளால் இரைச்சலை அடக்கும் பிக்அப்) கிடைக்கிறது. தனித்தனி முனைக்குப் பதில் நீளமான தகடு, அதனால் தந்தி எங்கே போனாலும் கவலை இல்லை. பிளாஸ்டிக் தகட்டில் ஒரு இழை கூட அறுக்க வேண்டியிருக்கவில்லை. பாட்களை 250 கே-யிலிருந்து (கிலோ ஓம்) 500 கே-க்கு மாற்றினேன், இல்லாவிட்டால் ஹம்பக்கரின் மேல்சத்தம் மங்கிவிடும். இரைச்சல் ஒழிந்தது. டி தந்தி வீட்டுக்குத் திரும்பி வந்தது.

ஆனால் ஒரு கூத்து நடந்தது. ஆர்வக்கோளாறில், இரைச்சல் உள்ளே வராமல் இருக்கக் குழி முழுக்கச் செப்பு டேப் ஒட்டி, எல்லாவற்றையும் மூடித் திருகி, ஆம்ப்பில் செருகினால் சத்தமே இல்லை. பிக்அப் செத்துவிட்டது என்று நினைத்து இரவு ஒரு மணி வரை மீட்டரை வைத்துத் தடவிக்கொண்டிருந்தேன். கேபிள் செருகும் ஜாக்கின் முனைத் தகடு செப்பு டேப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். சிக்னல் முழுவதும் நேராக எர்த்துக்குப் போய்விட்டது. அந்த இடத்தில் கொஞ்சம் இன்சுலேஷன் டேப் ஒட்டினேன், முடிந்தது.

* * *

ப்ரிட்ஜ் (உடலின் மேல் தந்திகளைத் தாங்கும் பாலம்) பற்றி யாரும் எழுதவில்லையே. நான் எழுதுகிறேன், ஏனென்றால் அதில்தான் நான் அடிவாங்கினேன்.

என் பேஸில் நான்கு தந்திக்கு இரண்டே சாடில் (ப்ரிட்ஜில் தந்தி உட்காரும், முன்பின் நகரும் துண்டு). ஈ-யும் ஏ-யும் ஒன்றில், டி-யும் ஜி-யும் இன்னொன்றில். பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் அழுத்திய சுரமும் அதே இடத்தில் தந்தியை லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மானிக்கும் ஒன்றாக நிற்க வேண்டும். அழுத்திய சுரம் ஏறி நின்றால் சாடிலைப் பின்னால் தள்ள வேண்டும், தாழ்ந்து நின்றால் முன்னால் கொண்டுவர வேண்டும். ஈ-க்குச் சரி செய்தால் ஏ கெடும், ஏ-க்குச் சரி செய்தால் ஈ கெடும். ஒரு நுகத்தில் இரண்டு மாடு, இரண்டும் வேறு வேறு திசை.

நான்கு சாடில் ப்ரிட்ஜ் ஒன்றை வாங்கினேன். அளந்தேனா? இல்லை. திருகு ஓட்டைகள் பொருந்தவில்லை. புதிதாகத் துளை போட்டு மாட்டினேன். அப்புறம்தான் பார்க்கிறேன், ப்ரிட்ஜில் தந்திகளுக்கு இடையிலான தூரம் பழையதைவிட அதிகம். பதினைந்தாவது ஃப்ரெட்டுக்கு மேல் ஜி தந்தி நெக்கின் விளிம்பிலேயே ஓடியது. கொஞ்சம் இழுத்தால் வெளியே வழுக்கி விழும்.

கழற்றினேன். தேவையில்லாத துளைகளில் பல்குத்தும் குச்சிகளைப் பசையில் தோய்த்துச் செருகி, காய்ந்ததும் மட்டமாக வெட்டிவிட்டேன். இந்த முறை ஈ-யிலிருந்து ஜி வரையிலான அகலம், ஓட்டைகளின் இடைவெளி, நட்டிலிருந்து சாடில் எவ்வளவு முன்பின் நகர முடியும் என்ற மூன்றையும் தாளில் எழுதிக்கொண்டு வாங்கினேன். இப்போது நான்கு தந்தியும் சுருதியில் நிற்கின்றன.

தந்தி வாங்குகிறவர்களுக்கும் ஒன்று. 1966-இல் வந்த ஃபெண்டர் மஸ்டாங் பேஸைப் போல உடலின் பின்புறத்திலிருந்து தந்தி ஏறி வரும் அமைப்பு என்றால், ஷார்ட் ஸ்கேல் செட் நீளம் போதாமல் போகலாம். மெல்லிய பகுதி நட்டுக்கு முன்னாலேயே தொடங்கிவிடும். தந்தி ப்ரிட்ஜ் பக்கம் மாட்டும் பந்து முனையிலிருந்து நட் வரை அளந்துவிட்டு, தேவைப்பட்டால் மீடியம் ஸ்கேல் செட் வாங்குங்கள்.

* * *

நான் இன்னும் எதையும் மாற்றவில்லை, வாங்கியே ஒரு மாதம்தான் ஆகிறது. ஒரு கேள்வி. கையை எடுத்தால் நெக் தரையைப் பார்த்துப் போகிறது. இடது கை வாசிக்கிறதா, தாங்குகிறதா என்றே தெரியவில்லை. மணிக்கட்டு வலிக்காக வாங்கியது, இப்போது தோள் வலிக்கிறது. அப்புறம், பொம்மை வாங்கியிருக்கிறாய் என்று கூட வாசிக்கிறவர்கள் கிண்டல் செய்கிறார்கள். இதற்கும் ஏதாவது அப்கிரேட் உண்டா?

* * *

முதல் கேள்விக்கு முதலில். உடல் சின்னது, எடை குறைவு, ஆனால் தலையில் இருக்கும் நான்கு ட்யூனிங் கீயும் பெரிய பேஸுக்கு உரியவை. தராசு எந்தப் பக்கம் சாயும்? இரட்டைக் கொம்பு வடிவ உடலில் ஸ்ட்ராப் பட்டன் நெக்கின் அடியில் இருந்தால் இன்னும் மோசம். என் பேஸும் அப்படித்தான் இருந்தது. மூன்று வேலை செய்தேன். உள்பக்கம் சொரசொரப்பான அகலத் தோல் ஸ்ட்ராப், இதிலேயே பாதிப் பிரச்சினை தீர்ந்தது. பட்டனை மேல் கொம்பின் நுனிக்கு நகர்த்தினேன். பிறகு எடை குறைந்த கீ-க்கள். வாங்குவதற்கு முன் தலையில் உள்ள ஓட்டையின் விட்டத்தை அளந்துவிடுங்கள், எல்லாம் ஒரே அளவு இல்லை. உடலுக்குள் ஈயம் வைக்கச் சொல்பவர்கள் உண்டு. தோள் வலிக்காரருக்கு அதை நான் சொல்ல மாட்டேன்.

கிண்டலுக்கு அப்கிரேட் கிடையாது, பதில் உண்டு. கிப்சன் 1953-இல் வெளியிட்ட தன் முதல் எலெக்ட்ரிக் பேஸே 30.5 அங்குலம்தான். பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னி 1961-இல் ஹாம்பர்கில் வாங்கிய ஹோஃப்னர் வயலின் பேஸ் 30 அங்குலம். அவருக்கு இடது கைப் பழக்கம். இரண்டு பக்கமும் ஒரே வடிவம் என்பதால் திருப்பிப் பிடித்தாலும் அசிங்கமாகத் தெரியாது என்றுதான் அது அவருக்குப் பிடித்தது. 1972-இல் திருடு போன அந்த பேஸ் திரும்பக் கிடைத்த செய்தி 2024-இல் வந்தது. ஐம்பது வருடம் கழித்தும் தேடிக் கண்டுபிடிக்கிறார்கள் என்றால் பொம்மைக்காகவா? கிரீம் இசைக்குழுவில் ஜாக் புரூஸ் வாசித்த கிப்சன் இபி-3, டாக்கிங் ஹெட்ஸ் குழுவின் டீனா வேமத்தின் மஸ்டாங், ஜாஸ் கலைஞர் ஸ்டான்லி கிளார்க்கின் அலெம்பிக் எல்லாம் ஷார்ட் ஸ்கேல்தான். கிளார்க் வாசிப்பதைக் கேட்கச் செய்துவிட்டு அப்புறம் சிரிக்கச் சொல்லுங்கள்.

* * *

முதலில் எழுதியவன்தான் மறுபடியும். ஒன்று விட்டுப்போயிற்று, நட். மலிவு பேஸ்களில் நட் பள்ளங்கள் ஆழம் குறைவாக வெட்டப்பட்டு வருவது சகஜம். தளர்ந்த தந்தியை உயரத்திலிருந்து அழுத்தினால் சுருதி இன்னும் அதிகமாக ஏறும், அதனால் ஷார்ட் ஸ்கேலில் இது காதை உறுத்தும். திறந்த ஏ சரியாக இருக்கும், முதல் ஃப்ரெட் பி-ஃப்ளாட் மட்டும் ஏறி நிற்கும். ட்யூனரைக் குறை சொல்லாமல் நட்டைப் பாருங்கள். நான் அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினேன், ஜி பள்ளத்தில் ஒரு இழுப்பு அதிகமாகிவிட்டது. திறந்த தந்தி ரீங்காரம் செய்தது. மரத்தூளும் உடனே காயும் பசையும் போட்டு நிரப்பி மறுபடி வெட்டினேன். இன்னும் தாங்குகிறது.

ப்ரிட்ஜ் எழுதிய நண்பருக்கு: பல்குத்தும் குச்சி வித்தையை நேற்று என் ஸ்ட்ராப் பட்டனில் செய்தேன், கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. பிக்அப் எழுதியவருக்கு: அந்த விலை உயர்ந்த பிக்அப் இன்னும் பெட்டிக்குள்தான் தூங்குகிறது. உங்கள் குழி அளவைச் சொல்லுங்கள்.