இரண்டு பிரசவம், ஒரு மிட்வைஃப் – என் அனுபவம், உங்களுடையதையும் எழுதுங்கள்

எனக்கு இரண்டு பிரசவமும் சென்னையில்தான், இரண்டுமே நார்மல். ஆனால் இரண்டையும் அந்த ஒரே சொல்லில் சேர்த்துச் சொல்ல மனசு வரவில்லை.

முதலாவது 2017-ல், ஒரு தனியார் மருத்துவமனையில், பெயர் வேண்டாம். போனதுமே மல்லாக்கப் படுக்கவைத்து கையில் டிரிப்ஸ் ஏற்றிவிட்டார்கள், எழுந்து நடக்கக்கூடாது, அம்மாவும் உள்ளே வரக்கூடாது. பதினோரு மணி நேரம். ஷிப்ட் மாறும்போதெல்லாம் புதிதாக ஒருவர் வந்து உள்ளே கைவிட்டுப் பார்த்து, "கர்ப்பப்பை வாய் இன்னும் திறக்கலை" என்று பக்கத்து சிஸ்டரிடம் சொல்லிவிட்டுப் போவார். என்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. கடைசியில் கேட்காமலேயே குழந்தை வரும் வழியில் கட் போட்டார்கள். அந்தத் தையலோடு ஒரு மாதம் நேராக உட்கார்ந்து பால் கொடுக்க முடியாமல் அழுதிருக்கிறேன்.

இரண்டாவதற்கு அண்ணி சொல்லி, மிட்வைஃப் இருக்கும் ஒரு மருத்துவமனைக்குப் போனேன். மாமியார் ஒத்துக்கொள்ளவே இல்லை. "மருத்துவச்சியா? அந்தக் காலத்துல வேற வழியில்லாம பார்த்தோம், இப்ப எதுக்கும்மா?" அவருடைய அக்கா வீட்டுப் பிரசவத்தில்தான் போய்ச் சேர்ந்தார், அந்தப் பயம் நியாயமானது. 2018-ல் திருப்பூரில் யூடியூப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்க்கப்போய் ஒரு பெண் இறந்ததும் நம் எல்லோருக்கும் நினைவிருக்கும்.

ஆனால் எனக்கு வந்த மிட்வைஃப் அந்தக் காலத்து மருத்துவச்சி இல்லை. நர்சிங் முடித்து, லேபர் வார்டில் வேலை பார்த்து, அதற்கு மேல் பிரசவத்துக்கென்றே தனிப் பயிற்சி எடுத்தவர். மத்திய அரசு 2018 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்களிலேயே இதற்கு 18 மாதப் பயிற்சி என்று இருக்கிறது, தெலங்கானாவில் அதற்கு முந்தைய வருடமே தொடங்கிவிட்டார்கள். சிக்கல் இல்லாத கர்ப்பத்தை மிட்வைஃப் பார்த்துக்கொள்வார். பிபி ஏறினாலோ குழந்தையின் துடிப்பு இறங்கினாலோ டாக்டர் அதே கட்டிடத்தில் இருக்கிறார்.

வலி வந்து மருத்துவமனைக்குப் போனபோது, நாலு சென்டிமீட்டர் திறந்திருக்கிறது என்றார். "அஞ்சுக்கு மேலதான் வேகம் எடுக்கும், நடங்க, கஞ்சி குடிங்க" என்று சொல்லிவிட்டு என் கூடவே நடந்தார். வலி வரும்போது என் வயிற்றில் கையை வைத்து, கடிகாரத்தைப் பார்த்து, எத்தனை நொடி இறுகுகிறது என்று எண்ணுவார். அரை மணிக்கு ஒரு தடவை டாப்ளர் கருவியில் குழந்தையின் துடிப்பைக் கேட்டு எழுதிக்கொள்வார். கணவர் உள்ளேயே இருந்தார். (அரசு மருத்துவமனைகளில் பிரசவத்தின்போது துணைக்கு ஒரு பெண் கூட இருக்கலாம் என்று தமிழ்நாட்டில் 2004-லேயே கொண்டுவந்துவிட்டார்கள். என் முதல் பிரசவம் தனியாரில், அங்கே அம்மாவைக்கூட விடவில்லை.)

தலை தெரிந்ததும் வெந்நீரில் நனைத்த துணியைக் கீழே ஒத்தி வைத்து, "இப்ப முக்காதீங்க, மெழுகுவத்தி அணைக்கிற மாதிரி ஊதுங்க" என்றார். கட் போடவில்லை. குழந்தையை நெஞ்சில் போட்டதும் என் விரலை எடுத்துத் தொப்புள்கொடியில் வைத்தார், அது துடித்துக்கொண்டிருந்தது. அடுத்த நிமிஷமே ரத்தப்போக்கு வராமலிருக்கத் தொடையில் ஆக்சிடோசின் ஊசியும் போட்டார். மருந்து வேண்டாம் என்கிற கூட்டம் இல்லை இவர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

பதில்: லேபர் வார்டு சிஸ்டராக இருந்தவர்

படித்ததில் கோபமும் வந்தது, வருத்தமும் வந்தது. நர்சிங் முடித்துப் பதிவு செய்யும்போது எங்கள் சான்றிதழிலேயே செவிலியர், மிட்வைஃப் என்று இரண்டும் இருக்கும். படிக்கும்போது பிரசவம் பார்த்து கேஸ் புக்கில் ஒவ்வொன்றாக எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கிறோம். அப்புறம் என்ன ஆகிறது? இரண்டு வருடம் லேபர் வார்டு, திடீரென்று ஐசியூ, அங்கிருந்து எலும்பு வார்டு. திரும்பி வரும்போது கைப்பழக்கம் போயிருக்கும். ஓர் இரவு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் வலி, நான் ஒருத்தி. யார் பக்கத்தில் உட்கார்ந்து முதுகை நீவிவிடுவது? எப்படிச் செய்யவேண்டும் என்று எனக்குத் தெரியும், செய்ய முடியவில்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டில் நூறு பிரசவத்தில் ஏறக்குறைய 45 சிசேரியன். அதில் எத்தனை தேவையானது என்று நான் சொல்ல முடியாது. ஆனால் பயிற்சி கொடுத்தவர்களை லேபர் வார்டிலேயே விட்டுவைக்க வேண்டும், ஆளையும் கூட்ட வேண்டும்.

பதில்: வேளச்சேரியிலிருந்து

எனக்கு மிட்வைஃப் இருந்தும் சிசேரியன்தான் ஆயிற்று. பனிக்குடம் உடைந்தபோது தண்ணீர் பச்சையாக இருந்ததை (குழந்தை உள்ளேயே மலம் போயிருந்தது) முதலில் பார்த்தவர் அவர்தான். குழந்தையின் துடிப்பு இறங்கி இறங்கி ஏறியது, உடனே டாக்டரைக் கூப்பிட்டார், தியேட்டருக்கு ஏற்பாடு செய்தார்கள். தள்ளிக்கொண்டு போகும்போது நான் பிடித்திருந்த கையை அவர் விடவில்லை. உள்ளே வந்து தலைமாட்டில் நின்று, "இப்ப வயித்தை அழுத்துவாங்க, வலிக்காது, இழுக்கிற மாதிரி இருக்கும்" என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். மகள் அழுத சத்தம் கேட்டதும் என் கண்ணைத் துடைத்துவிட்டதும் அவர்தான், என் இரண்டு கையிலும் ஊசி இருந்தது.