சுரங்கக் குழிக்குத் 'தூர்ப்பு', நிலத்துக்குத் 'திருத்தம்': இரு சொற்கள் குறித்து

மடற்குழு அன்பர்களுக்கு வணக்கம்.

திறந்தவெளிச் சுரங்கத்தின் 'பேக்ஃபில்லிங்' (தோண்டிய மண்ணைக் குழியிலேயே இட்டு நிரப்புதல்), 'ரெக்ளமேஷன்' (தோண்டிய நிலத்தை மீண்டும் பயன்படும்படி பண்படுத்துதல்) ஆகியவற்றுக்கு முறையே 'பின்நிரப்பல்', 'நிலமீட்பு' என்னும் சொற்கள் இங்கே முன்மொழியப்பட்டுள்ளன. இரண்டையும் என்னால் ஏற்க இயலவில்லை. இச்சொற்கள் அகராதியோடு நின்றுவிடுபவை அல்ல. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு முன்னரே மதிப்பீட்டு அறிக்கையின் சுருக்கம் மக்களின் மொழியிலும் கிடைக்க வேண்டும். நெய்வேலியைச் சுற்றியுள்ள சிற்றூர் ஒன்றில் நிலத்தைக் கொடுக்கப் போகும் உழவர், அந்த நிலம் பிற்பாடு என்ன ஆகும் என்பதை அந்தத் தமிழ்ச் சுருக்கத்தைப் படித்துத்தான் அறிந்துகொள்கிறார். அவருக்குப் பொருள் மயங்கும் சொல்லை நாம் தரலாகாது.

முதலில் 'பின்நிரப்பல்'. 'பின்' என்பது தமிழில் காலத்தையோ பின்புறத்தையோ குறிக்கும்; எடுத்ததை எடுத்த இடத்திலேயே இடுதல் என்ற பொருள் அதில் இல்லை. அதற்கு நம்மிடம் 'தூர்த்தல்' என்ற வினை வழக்கிலேயே இருக்கிறது. பாழ்ங்கிணற்றைத் தூர்த்தார்கள் என்றால், குழியில் மண்ணைத் தள்ளி நிலமட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள் என்று எவரும் புரிந்துகொள்வர். கவனிப்பாரின்றி வண்டல் படிந்து குளம் தூர்ந்துபோவதும் இச்சொல்லில் அடங்கும் என்று அன்பர் ஒருவர் எழுதியிருந்தார். 'தூர்தல்' தானாக நிகழ்வது, 'தூர்த்தல்' ஒருவர் செய்வது. ஓர் ஒற்றெழுத்தே அந்த வேறுபாட்டைக் காட்டிவிடுகிறது. எனவே பெயர்ச்சொல்லாகத் 'தூர்ப்பு' என்றும், தேவைப்படும் இடத்தில் 'சுரங்கத் தூர்ப்பு' என்றும் கொள்ளலாம். நிலத்தடி நிலக்கரிச் சுரங்கங்களில் கூரை சரியாதிருக்க வெற்றிடங்களில் மணலை இட்டு நிரப்புவது வேறு வேலை. அதற்கு இச்சொல்லை நீட்ட வேண்டாம்.

நெய்வேலியில் இது நடைபெறும் முறையைப் பார்த்தால் சொல் பொருந்துவது விளங்கும். தொடக்க ஆண்டுகளில் பழுப்பு நிலக்கரிக்கு மேலிருந்த மண்ணையும் மணற்கல்லையும் கொட்டக் குழிக்குள் இடமில்லாததால், அவை சுரங்கத்துக்கு வெளியே மேடுகளாகக் குவிக்கப்பட்டன. நிலக்கரி எடுத்த பரப்பு போதிய அளவு விரிந்த பிறகு, முன்புறம் பக்கெட் வீல் என்னும் சக்கர வெட்டு எந்திரம் வெட்டிய மண், கன்வேயர் வழியே சென்று, பின்புறம் ஸ்பிரெடர் என்னும் மண்கொட்டும் எந்திரத்தால் காலிக் குழிக்குள்ளேயே கொட்டப்படுகிறது. இவ்வாறு குழி ஒருபுறம் வெட்டப்பட, மறுபுறம் தூர்க்கப்பட்டு நகர்ந்துகொண்டே செல்கிறது. அரியலூரின் சுண்ணாம்புக்கல் குழிகளுக்கு இது பொருந்தாது; அங்கே தோண்டுவதில் பெரும்பகுதி சிமெண்ட் ஆலைக்குப் போய்விடுவதால் தூர்ப்பதற்கு மண் போதாது. தூர்ப்பு எங்கும் இயலும் என்ற எண்ணத்தை நம் விளக்கவுரை தரக்கூடாது.

இனி, பலரும் கருதாத ஓர் இடர். நெய்வேலிச் செய்திகளில் நிலக்கரிக்கு மேலே உள்ள அனைத்தையும் 'மேல்மண்' என்று எழுதுகிறார்கள். வேளாண்மையிலோ 'மேல்மண்' என்பது பயிர் வேரூன்றும் வளமான மேலடுக்கு. தோண்டும்போது அடுக்குகளின் வரிசை தலைகீழாகி, ஆழத்திலிருந்த வளமற்ற களியும் மணலும் மேலே வந்துவிடக்கூடும் என்பதால்தான், வளமண்ணைத் தனியே வழித்தெடுத்து, தனியே வைத்து, இறுதியில் மேலே பரப்ப வேண்டியிருக்கிறது. நெடுநாள் குவியலாகக் கிடந்தால் அதிலுள்ள விதைகளும் நுண்ணுயிர்களும் பெருமளவு அழிந்துவிடும். 'மேல்மண் கொண்டு குழி தூர்க்கப்படும்' என்று அறிக்கை சொன்னால், உழவர் தம் வயலின் மண் திரும்ப வருவதாக நம்புவார். எழுதியவரோ பல மீட்டர் ஆழத்து மணலைக் கருதியிருப்பார். ஆகவே கனிமத்தை மூடியிருக்கும் முழுத் தொகுதிக்கு 'மூடுபடிவு' என்று பெயரிட்டு, 'மேல்மண்' என்பதை உழவர்களுக்கே விட்டுவிடலாம்.

'நிலமீட்பு' குறித்த என் மறுப்பு இன்னும் வலுவானது. பஞ்சமி நில மீட்பு என்று நாம் சொல்லும்போது, இழந்த உரிமை உரியவரிடம் திரும்புவதையே குறிக்கிறோம். சுரங்கத்துக்காகக் கையகப்படுத்திய நிலத்தைத் தூர்த்து மரம் நட்டால் உரிமை திரும்பிவிடாது. அதை 'நிலமீட்பு' என்று எழுதுவது, தராத ஒன்றைத் தந்ததாகச் சொல்வது. மேலும் 'சுரங்க மீட்பு' என்றால் விபத்தில் சிக்கியவர்களைக் காப்பாற்றுவது என்ற பொருளும் உண்டு. காடு திருத்திக் கழனியாக்கிய வழக்கை ஒட்டி, 'நிலம் திருத்தல்' அல்லது 'நிலத்திருத்தம்' என்பதை முன்மொழிகிறேன். சட்டத்துறையின் 'நிலச்சீர்திருத்தம்' அருகில் நிற்பதால் குழப்பம் வருமோ என்ற ஐயம் சரியானதே. அதனால்தான் பெயரைவிட வினையே எனக்கு உகந்தது.

தூர்த்தலையும் திருத்தலையும் ஒரே சொல்லுக்குள் அடக்கலாம் என்ற கருத்தை நான் முற்றிலும் மறுக்கிறேன். ஜெர்மனியின் ரைன்லாந்துப் பகுதியிலுள்ள பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களில் குழியைத் தூர்த்ததும் பணி முடிவதில்லை. ஏறத்தாழ இரண்டு மீட்டர் கனத்துக்கு லோயஸ் என்னும், காற்றால் படிந்த வளமான நுண்மண்ணைப் பரப்பி, முதலில் குதிரைமசால் பயிரிட்டு, ஏழு ஆண்டு அளவுக்குப் பண்படுத்திய பின்னரே வயல் உழவர் கைக்குப் போகிறது. அந்நாட்டின் கிழக்கே லவுசிட்ஸ் பகுதியில், தளர்வாகக் கொட்டப்பட்ட மணலுக்குள் நிலத்தடி நீர் மீண்டும் ஏறியபோது, தூர்த்த நிலமே குழம்பாகிச் சரிந்த நிகழ்வுகள் உண்டு. பரந்த இடங்களுக்குள் மக்கள் நுழையத் தடை போட வேண்டியிருந்தது. நெய்வேலியில் நிலக்கரிக்குக் கீழுள்ள அழுத்த நீரை இடைவிடாது இறைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதை நினைத்தால், தூர்த்தலுக்கும் திருத்தலுக்கும் உள்ள இந்த வேறுபாடு நமக்கும் உரியதே. திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கங்களுக்கான அமெரிக்காவின் 1977ஆம் ஆண்டுச் சட்டமும், நிலத்தைப் பழைய வடிவுக்கு அண்மையாகக் கொண்டுவருதல், வளமண்ணைப் பிரித்துக் காத்தல், பயிர்மூடலை நிலைநிறுத்தல் என்று தனித்தனிக் கடமைகளாகவே வைக்கிறது.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் நிறைவாக அமையவில்லை. தூர்க்க மண் போதாமல் இறுதியில் நீர் நிரம்பி நிற்கும் குழிக்கு 'எஞ்சுகுழி' என்று குறித்து வைத்திருக்கிறேன். அதை 'ஏரி' என்று எழுதுவோர் உண்டு. மதகும் ஆயக்கட்டும் இல்லாத ஒன்றுக்கு அப்பெயரை இட நான் உடன்படவில்லை. சுரங்கத்தில் பணியாற்றும் அன்பர்கள், இக்குழியையும் வெளியே குவித்த மண்மேட்டையும் தங்களுக்குள் எவ்வாறு அழைக்கிறார்கள் என்று எழுதினால், அச்சொற்களையே முதலில் கருதலாம்.