தொடையில் கட்டி, நுரையீரலில் ஓட்டையா?

கேள்வி:
தம்பிக்குத் தொடையில் சின்னக் கட்டிதான் வந்தது. நாலே நாளில் குளிர்க்காய்ச்சல், மூச்சை இழுத்தால் விலாவில் குத்தல். ரத்தத்தில் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா இருக்கிறது என்கிறார்கள், சிடி ஸ்கேனில் நுரையீரல் ஓரமெங்கும் உருண்டை உருண்டையாக, சிலவற்றின் நடுவில் ஓட்டை. இரண்டுக்கும் என்ன சம்பந்தம்?

பதில் 1:
கட்டியிலிருந்து கிருமி ஏறிய உறைந்த ரத்தத் துணுக்குகள் சிரை வழியாக இதயத்தின் வலப்பக்கம் போய், அங்கிருந்து நுரையீரலின் நுண்ணிய ரத்தக்குழாய்களை அடைத்துக்கொள்ளும், அந்த இடம் சீழ்பிடித்து ஓட்டையாகும். அபூர்வம்தான், ஆனால் விளையாட்டில்லை. எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்தார்களா? இதய வால்வில் கிருமி இருந்தால் ஊசிமருந்து பெரும்பாலும் 4 முதல் 6 வாரம் போகும்.

பதில் 2:
எனக்குத் தொண்டைப்புண்ணில் தொடங்கி, கழுத்துச் சிரையில் ரத்தம் உறைந்து, இப்படியே நுரையீரலுக்குப் போனது. லெமியர் நோய் என்றார்கள். அப்புறம், திடீரென்று மூச்சுத்திணறல் கூடினால் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள், ஓட்டை வெடித்து நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுந்திருக்கலாம்.

கேட்டவர்:
எக்கோ நாளைக்கு. சரி, இன்றிரவு அவன் பக்கத்திலேயே இருக்கிறேன்.