பெட்டியடியில் நாங்கள், சென்னையில் சர்வர்: ரிமோட் டெஸ்க்டாப்போடு பட்ட பாடு

காரைக்குடி செக்காலை ரோட்டில் ஒரு மொத்த வியாபாரக் கடைக்கு நான்தான் கம்ப்யூட்டர் ஆள். சர்வர் சென்னையில், முதலாளியின் பெரிய கடையில் இருக்கிறது. இங்கே பெட்டியடியில், அதாவது கல்லாவில், இரண்டு பேர், உள்ளே கணக்கெழுத ஐந்து பேர், ஏழு பேரும் விபிஎன் (இணையத்துக்குள் மூடிய தனிப்பாதை) வழியாக, சர்வரின் திரையை இங்கே காட்டும் ரிமோட் டெஸ்க்டாப்பில் அங்கே போய்த்தான் டேலி என்ற கணக்கு மென்பொருளைத் திறக்க வேண்டும். காலையில் ஒழுங்காக ஓடும். சாயங்காலம் நாலரை ஆனால் போதும், "சிவகங்கை" என்று அடித்தால் "சிவ" வந்து நிற்கும், மிச்சத்துக்கு டீ குடித்துவிட்டு வரலாம்.

முதலாளி யாரோ சொன்னதைக் கேட்டு வான் (WAN, ஊர் விட்டு ஊர் போகும் நெட்வொர்க்) ஆப்டிமைசர் என்ற, லைனில் போவதைச் சுருக்கும் பெட்டி இரண்டு வாங்கிவிட்டார். இங்கொன்று, அங்கொன்று. விலையைச் சொல்ல மாட்டேன், எனக்கே வயிறு எரியும்.

இந்தப் பெட்டி செய்வது பழைய தந்தி வேலைதான். வார்த்தைக்கு இவ்வளவு என்று தந்திக்குக் காசு கட்டிய காலத்தில் வியாபாரிகள் இரண்டு ஊரிலும் ஒரே குறிப்பு நோட்டை வைத்துக்கொண்டு ஒரு முழு வாக்கியத்துக்குப் பதிலாக ஒரே சொல்லை அனுப்பினார்கள் அல்லவா, அது மாதிரி பெட்டியும் ஏற்கெனவே போன பைட்டுகளை இரண்டு முனையிலும் சேர்த்து வைத்திருக்கும், அதே பைட்டுகள் மறுபடி வந்தால் அடையாளத்தை மட்டும் அனுப்பும்.

ஒரு வாரம் கழித்து ரிப்போர்ட் எடுத்தேன். சாதாரண ஃபைல் காப்பி பாதிக்குக் கீழே சுருங்கியிருக்கிறது. 3389 போர்ட்டில் (ரிமோட் டெஸ்க்டாப்பின் வாசல் எண் அது) போன ரிமோட் டெஸ்க்டாப் 2 சதவீதம்கூடச் சுருங்கவில்லை.

உட்கார்ந்து படித்த பிறகுதான் புரிந்தது. ஆர்டிபி, அதாவது ரிமோட் டெஸ்க்டாப் பேசும் மொழி, தானே சுருக்கித்தான் அனுப்புகிறது. 5.0 பதிப்பிலேயே, கடைசியாகப் போன 64 கேபியை இரண்டு பக்கமும் ஞாபகம் வைத்துச் சுருக்கும் வழி வந்துவிட்டது, 6.0, 6.1 இரண்டிலும் இன்னும் இறுக்கினார்கள். மூன்றாம் பால் எடுத்த தேங்காய்ச் சக்கையைக் கொண்டுபோய் மறுபடி பிழிந்தால் என்ன வரும்? அதற்கு மேல், நடுவில் யாரும் படிக்காமல் பூட்டும் டிஎல்எஸ் குறியாக்கம் வேறு. ஒரே திரை பத்து தடவை போனாலும் குறியாக்கம் ஆனபின் பத்தும் பத்து மாதிரி இருக்கும், பெட்டிக்கு அடையாளம் தெரியாது.

சர்வரில் குரூப் பாலிசி என்ற விண்டோஸ் அமைப்புப் பட்டியலில் ஆர்டிபி சுருக்கத்துக்கென்றே ஒரு இடம் உண்டு. மெமரி குறைவாக எடுப்பது, நடுத்தரம், பேண்ட்வித் குறைவாக எடுப்பது, சுருக்கமே வேண்டாம் என்று நாலு தேர்வு. கடைசியது நம்மை மாதிரிப் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் என்று மைக்ரோசாஃப்ட்டே அங்கே எழுதி வைத்திருக்கிறது. சரி என்று அதைப் போட்டேன். குறியாக்கத்தை நான் தொடவில்லை, அதனால் ஆர்டிபியும் முன்போலச் சுருக்கவில்லை, பெட்டியாலும் சுருக்க முடியவில்லை. அன்றைக்கு நான் வாங்கிய பேச்சு தனிக்கதை.

அப்புறம் ஒரு ராத்திரி மட்டும் ஆர்டிபி குறியாக்கத்தையும் "லோ" ஆக்கிப் பார்த்தேன். அந்த அளவில் சர்வரிலிருந்து நமக்கு வருவது மூடாமலே வரும், விபிஎன் இருக்கிறதே என்ற தைரியம். ரிப்போர்ட்டில் எண் ஜோராக ஏறியது. ஆனால் அதற்காக, திரை திறப்பதற்கு முன்பே ஆளைச் சரிபார்க்கும் நெட்வொர்க் லெவல் ஆதென்டிகேஷனையும் அணைக்க வேண்டியிருந்தது. காலையில் ஆடிட்டர் அதைப் பார்த்துவிட்டுக் கத்தினார், அவர் கத்தியதில் நியாயம் இருந்தது, எல்லாவற்றையும் பழையபடி மாற்றிவிட்டேன்.

பிறகுதான் கேட்டேன், முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி: நாலரை மணிக்குக் கடையில் என்ன நடக்கிறது? குடோன் பையன் அன்றைய ரசீதுகளையெல்லாம் ஸ்கேன் செய்து கிளவுடில் ஏற்றுகிறான். 600 டிபிஐ. கலரில். எங்கள் லைனில் அப்லோடு வெறும் 5 எம்பிபிஎஸ். பெட்டியடியில் தட்டும் ஒரு எழுத்து நூறு பைட் இருக்குமா, அது அந்தப் படங்களுக்குப் பின்னால் ரேஷன் கடை வரிசையில் நின்றிருக்கிறது. அதை எவ்வளவு சுருக்கினாலும் வரிசை நகராது. 150 டிபிஐ கறுப்பு வெள்ளைக்கு மாற்றினோம், ஏற்றுவதை ராத்திரி எட்டுக்குத் தள்ளினோம், ரவுட்டரில் விபிஎன்னுக்கு முன்னுரிமை கொடுத்தேன். சுருக்கம் மறுபடி ஆர்டிபி கையில்.

பெட்டிகள் இன்னும் ஓடுகின்றன. ஃபைல் காப்பிக்கு உதவுகிறது என்று முதலாளியிடம் சொல்லியிருக்கிறேன், பொய்யும் இல்லை. உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

தேவகோட்டையிலிருந்து:

அண்ணே, உங்களுக்கு ஸ்கேனர், எனக்குப் பிரிண்டர். வீட்டிலிருந்தே ஒரு சென்னைக் கம்பெனிக்குக் கணக்குப் பார்க்கிறேன். பேரேட்டை பிரிண்ட் கொடுத்த நிமிடம் திரை உறைந்துவிடும். நான் நெட்டைத் திட்டிக்கொண்டே இருந்தேன். ரிமோட் டெஸ்க்டாப்பின் ஈஸி பிரிண்ட் வசதி ஒவ்வொரு பக்கத்தையும் எக்ஸ்பிஎஸ் என்ற ஃபைல் வடிவமாக்கி, திரை வரும் அதே இணைப்பில்தான் இங்கே அனுப்புகிறது. நாற்பது பக்கம், பக்கத்துக்குப் பக்கம் தலையில் கம்பெனி லோகோ. லோகோவை எடுக்கச் சொன்னேன், நீண்ட அறிக்கை என்றால் அங்கேயே பிடிஎஃப் ஆக்கி மெயிலில் அனுப்பிக்கொள்கிறேன். என் கணினியின் டிரைவ்கள் அங்கே தெரியும்படி இருந்ததையும் நிறுத்தினேன், அது தேவையே இல்லை.

கானாடுகாத்தானிலிருந்து:

எங்களுடையது கோலாலம்பூர் ஆபீஸ். 2020இல் ஊருக்கு வந்து மாட்டிக்கொண்டேன், அய்யா கட்டின வீட்டில், உள்ளே தள்ளி இருக்கும் இரண்டாங்கட்டில் உட்கார்ந்து வேலை. முதல் வாரம் முழுக்க சுருக்கம், கலர் என்று ஒவ்வொன்றாகக் குறைத்துப் பார்த்து ஒரு பலனும் இல்லை. முகப்பில் ரவுட்டருக்குப் பக்கத்தில் பிங் போட்டால் (ஒரு சின்ன பாக்கெட் ஆபீஸ் போய்த் திரும்பும் நேரம்) 70 மில்லி செகண்ட், அசையாமல் நிற்கும். இரண்டாங்கட்டில் 70ம் வரும், 400ம் வரும், இடையில் ஒன்றிரண்டு வரவே வராது. அந்தச் சுவர் கனத்துக்கு வைஃபை வந்ததே பெரிது. டிசிபி என்ற, எல்லாம் வரிசை தவறாமல் வந்தாக வேண்டிய அனுப்பும் முறையில் ஒரு பாக்கெட் தொலைந்தால் பின்னால் வந்தவை எல்லாம் அதற்காகக் காத்திருக்கும், அதைச் சுருக்கிச் சரிசெய்ய முடியாது. ஆர்டிபி 8 முதல், அப்படிக் காத்திருக்காத யுடிபி முறையும் உண்டு, ஆனால் எங்கள் ஆபீஸ் ஃபயர்வாலில் யுடிபி 3389ஐ அடைத்து வைத்திருந்தார்கள். அதைத் திறக்கச் சொல்லிவிட்டு இங்கே கேபிள் இழுத்தேன்.

கேபிள் இழுத்ததுதான் பெரும்பாடு. சுவரில் துளை போடப் போனால் ஆத்தா, "முட்டை வெள்ளைக்கரு ஊற்றிப் பூசின சுவருடா, கை வைத்தால் பார்" என்று வாசலை மறித்துவிட்டார்கள். கடைசியில் உள்முற்றமான வளவின் தூண்களின் மேலே ஓரமாகக் கட்டி, கொடிக்கயிறு மாதிரி கொண்டுபோனேன். இன்றைக்கும் அதில் யாராவது துண்டு காயப்போடுகிறார்கள்.

பள்ளத்தூரிலிருந்து:

எங்களுக்குச் சேலை. கண்டாங்கிக் கட்டம் போட்ட சேலைப் படங்களை ரிமோட்டில் திறந்தால் முதலில் மங்கலாக வரும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தெளியும், எழுத்து மட்டும் முதலிலேயே பளிச்சென்று இருக்கும். லைன் கெட்டுப்போனது என்று நினைத்தேன். புது ஆர்டிபி படத்தை அப்படித்தான் அனுப்புமாம், எழுத்துக்கு ஒரு வழி, போட்டோவுக்கு வேறு வழி. தெளிவதற்குள் ஸ்க்ரோல் செய்துவிட்டால் அரக்கும் மெரூனும் ஒன்றாகத்தான் தெரியும், அதை நம்பித் தப்பான கலர் அனுப்பி ஒரு சேலை திரும்பி வந்தது. இப்போது படங்கள் இங்கேயே, பில் மட்டும் ரிமோட்டில்.

இன்னொரு சங்கதி. இணைப்பு ஜன்னலில் எக்ஸ்பீரியன்ஸ் பகுதியில் "வான்" என்று ஒரு தேர்வு இருக்கிறதே, நம்முடையது வான்தானே என்று ரொம்ப நாளாக அதையே வைத்திருந்தேன். கூர்ந்து படித்தால் அது 10 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் வேகம் உள்ள, தாமதம் மட்டும் அதிகமான லைனுக்கு. அதைப் போட்டால் டெஸ்க்டாப் வால்பேப்பர் முதல் அசையும் மெனு வரை எல்லாவற்றையும் அனுப்பும். "லோ ஸ்பீட் பிராட்பேண்ட்" ஆக்கினேன், வால்பேப்பர் போனது, பில் போடும் வேலை சுறுசுறுப்பானது.

காரைக்குடியிலிருந்து மறுபடி:

பள்ளத்தூர்க்காரரே, இதைப் படித்துவிட்டு இன்று கடையில் ஏழு கணினியிலும் போய்ப் பார்த்தேன். மூன்றில் "வான்". ஒன்றில் சர்வர் திரையில் முதலாளி பேரனின் பிறந்தநாள் போட்டோ வால்பேப்பராக. அதை மட்டும் நான் எடுக்கவில்லை, அவரே எடுக்கட்டும்.