கந்தரோடைத் தூபிகள்: இன்று நிற்கும் வடிவத்தை எவ்வளவு நம்பலாம்?

வழுக்கையாற்றான்:
யாழ்ப்பாணத்துக் கந்தரோடையிலுள்ள பௌத்தத் தூபிகளை, இலங்கையின் பழைய தலைநகரான அநுராதபுரத்துக் கலையின் சிறு பிரதிகள் என்று எழுதிவிடுகிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. அங்கே ஜேதவனத் தூபி செங்கல்லால் ஏறக்குறைய 400 அடி உயரத்துக்கு எழுப்பப்பட்டது. இங்கோ மிகப் பெரியதன் விட்டமே சுமார் 23 அடி. மற்றவை அதனிலும் சிறியனவாக, ஒரே வளவுக்குள் நெருங்கி நிற்கின்றன. கல்லும் நம்முடைய முருகைக்கல், அதாவது பவளப்பாறைக் கல். கிட்டப் போய்க் குனிந்து பார்த்தால், கடலடியில் வளர்ந்த காலத்து நுண்துளைகள் தேன்கூடுபோல் இன்றும் தெரியும். அந்தக் கல்லின் போக்கறிந்து செதுக்கியவர்கள் இவ்வூரவரே. அவர்கள் தமிழ்ப் பௌத்தர்கள் என்பது என் துணிபு.

சுன்னாகத்தான்:
தம்பி, கல்லைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் நீங்கள் பார்த்த அண்டங்களுள், அதாவது தூபிகளின் குவிந்த அரைக்கோள உடல்களுள், பல சிதறிக் கிடந்த கற்களைப் பொருத்திக் கடந்த நூற்றாண்டில் தொல்லியல் திணைக்களம் மீள எழுப்பியவை. ஆகவே அண்டத்தின் வளைவை வைத்து ஒரு தனிக் கலைமரபைப் பேசுவது ஆபத்தானது. அடித்தளத்தின் வட்ட விளிம்புகளையும், அண்டத்தின்மேல் அமரும் சதுர ஹர்மிகையின் துண்டுகளையும் நம்பலாம்; அவையோ பௌத்த உலகின் பொது இலக்கணத்தைச் சேர்ந்தவை. கல் உள்ளூரது என்பதால் கட்டியவரின் மொழி தெரிந்துவிடாது.

வழுக்கையாற்றான்:
அண்டங்களைப் பற்றிய உங்கள் எச்சரிக்கையை ஏற்கிறேன், ஐயா. ஆனால் மண்ணுக்குள் கிடைத்ததை மறக்க முடியுமா? 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்தபோது வெளிவந்த கறுப்பு சிவப்பு மட்கலங்கள் தமிழகப் பெருங்கற்காலக் கலங்களோடு நெருங்கிய உறவுடையவை. பௌத்தம் வருமுன்பே இங்கே மக்கள் வாழ்ந்தார்கள். பின்னர் அவர்களே அதைத் தழுவினார்கள் என்று கொள்வதில் என்ன தடை?

சுன்னாகத்தான்:
தடை இல்லை; ஆனால் அது குடியிருப்பைப் பற்றிய சான்று, தூபியைப் பற்றியதன்று. எனக்கு இத்தனை சிறிய தூபிகள் ஓரிடத்தில் ஏன் குவிந்தன என்பதே பெரிய கேள்வி. துறவிகளின் எச்சங்கள் மேல் எழுந்தவை என்பாரும், அடியார்கள் நேர்ந்து கட்டியவை என்பாரும் உளர். புத்தகயையிலும் நேர்த்தித் தூபிகள் இவ்வாறே நெருங்கி நிற்பதால் இரண்டாவதன் பக்கம் சாய்கிறேன். எதுவாயினும், ஒவ்வொரு தூபியிலும் பழைய கல் எதுவரை, புதுக் கட்டு எங்கிருந்து என்று அளந்து குறித்த வரைபடம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுவோம். அடுத்த முறை போகும்போது அடித்தள விளிம்புகளை மட்டும் படமெடுத்து வாருங்கள்.