பனியன் கம்பெனியில் மாற்றுத்திறனாளிகளைச் சேர்க்கிறோம்: முதலில் எதையெல்லாம் சரிசெய்யணும்?

திருப்பூர்_யூனிட்

வணக்கங்க. திருப்பூரில் 64 பேர் வேலை செய்யும் யூனிட் எங்களுடையது. கட்டிங், பவர் டேபிள் (தையல் மெஷின் வரிசை), செக்கிங், அயர்னிங், பேக்கிங் எல்லாம் தரைத்தளம்தான். அடுத்த மாதம் மூன்று பேரைச் சேர்க்கிறோம். செக்கிங்குக்குக் காது கேளாத ஒரு பெண். பவர் டேபிளுக்குச் சக்கர நாற்காலியில் வரும் டெய்லர் ஒருவர்; முதுகுத்தண்டில் அடிபட்டவர், கைகளுக்கு முழு பலம் உண்டு. பேக்கிங்குக்கு அறிவுசார் குறைபாடு உள்ள 22 வயதுப் பையன்.

வாசலில் மூன்று படி, மொத்த உயரம் 45 செ.மீ. பைக் ஏற்ற ஒன்றரை மீட்டர் நீளத்தில் ஒரு சிமெண்ட் சரிவு ஏற்கெனவே இருக்கு. அது போதுமா? மெஷினில் என்ன மாற்றணும்? சம்பளம் பீஸ் ரேட்டா, ஷிப்டா? சட்டப்படி ஏதாவது பதிவு செய்யணுமா? சுற்றுவட்டாரத்தில் இப்படிச் சேர்ந்தவர்கள் இரண்டு மூன்று மாதத்தில் நின்றுவிடுகிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். எங்கே தப்பு நடக்கிறது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்க.

வரைவாளர்

பைக் சரிவு போதாது, ஆபத்தும்கூட. சக்கர நாற்காலிக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு என்பது கணக்கு. 45 செ.மீ. உயரத்துக்கு 540 செ.மீ., அதாவது 5.4 மீட்டர் நீளம் வேண்டும். ஒன்றரை மீட்டர் சரிவில் ஏறும்போது நாற்காலி பின்பக்கம் கவிழும். இறங்கும்போது கையால் சக்கரத்தைப் பிடித்து நிறுத்த முடியாது.

அகலம் 120 செ.மீ. இரண்டு பக்கமும் இரண்டிரண்டு கைப்பிடி, ஒன்று 76, இன்னொன்று 90 செ.மீ. உயரத்தில். சரிவு முடிந்த இடத்திலிருந்து கைப்பிடி இன்னும் 30 செ.மீ. நீளட்டும். சக்கரம் விலகி விழாமல் இருக்க ஓரத்தில் 10 செ.மீ. சிமெண்ட் வரம்பு கட்டுங்க. மேலேயும் கீழேயும் 150-க்கு 150 செ.மீ. சமதளம் கட்டாயம். மேலே சமதளம் விடாமல் சரிவைக் கொண்டுபோய்க் கதவில் முட்டவைப்பதுதான் அதிகம் நடக்கிற தப்பு. ஒரு கையால் கதவைத் திறந்துகொண்டு மறு கையால் சரிவில் நாற்காலியைப் பிடித்து நிற்க யாராலும் ஆகாது. டைல்ஸ், பாலிஷ் கிரானைட் வேண்டாம். விளக்குமாற்றால் கோடு இழுத்த சிமெண்ட் போதும், மழையிலும் வழுக்காது.

கதவு திறந்தபின் உள்ளே கிடைக்கும் வழி 90 செ.மீ. இருக்கணும். கதவின் நிலைப்படி உயரம் 12 மி.மீ.க்கு மேல் வேண்டாம். பேக்கிங்கில் அட்டைப் பெட்டிகளை நடைவழியில் அடுக்கும் பழக்கம் எல்லா யூனிட்டிலும் உண்டு. தரையில் மஞ்சள் கோடு போட்டு அதற்குள் எதுவும் வைக்கக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்க.

இனிக் கழிவறை. மூன்றாம் மாதம் நின்றுவிடுவதற்கு பாதிக் காரணம் இங்கேதான். 2 மீட்டருக்கு 2.2 மீட்டர் அறை, நாற்காலி திரும்ப 150 செ.மீ. வட்டம், 45 முதல் 48 செ.மீ. உயரத்தில் வெஸ்டர்ன் கோப்பை. கதவு வெளிப்பக்கம் திறக்கணும் அல்லது நகர்த்தும் கதவாக இருக்கணும். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால் உள்பக்கம் திறக்கும் கதவை அவர் உடம்பே அடைத்துக்கொள்ளும். பிடிகம்பியை டைல்ஸ் மேல் சின்ன ஸ்க்ரூவில் மாட்டாதீங்க. செங்கல் அல்லது கான்கிரீட் வரை துளைத்து ஆங்கர் போல்ட் போடணும், ஓர் ஆளின் முழு எடையும் அதில்தான் தொங்கும். கட்டி முடித்த பிறகு துடைப்பம், பினாயில் வைக்கும் அறையாக்கிப் பூட்டிச் சாவியை வாட்ச்மேனிடம் கொடுக்கிறார்கள். அதைமட்டும் செய்துவிடாதீங்க.

திருப்பூர்_யூனிட்

ரொம்ப நன்றிங்க. ஆனால் வாசலுக்கு நேரே சாக்கடை வரை 3 மீட்டர்தான் இடம். 5.4 மீட்டர் போகாது. சரிவைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாமா?

வரைவாளர்

கூட்டாதீங்க. சுவரை ஒட்டித் திருப்புங்க. வாசல் சமதளத்திலிருந்து பக்கவாட்டில் 2.7 மீட்டர், 150 செ.மீ. நீளத்துக்குக் குறையாமல் இரண்டு சரிவின் அகலமும் அடங்கும் திருப்பு மேடை, அங்கிருந்து திரும்பி இன்னொரு 2.7 மீட்டர். பக்கவாட்டிலும் இடம் இல்லையென்றால் லோடு ஏற்றும் பின்வாசல் எவ்வளவு உயரம் என்று அளந்து பாருங்க. அது 15 செ.மீ. என்றால் 1.8 மீட்டர் சரிவே போதும். அப்படிச் செய்தால் எல்லாரும் அந்த வாசல் வழியாகவே வரட்டும். அவர் ஒருவருக்கு மட்டும் பின்வாசல் என்று ஆக்க வேண்டாம்.

இயன்முறை_ஈரோடு

டெய்லர் பற்றி. மெஷினை மாற்றும் முன் அவரையே உட்கார வைத்து அளங்க. டேபிள் அடியில் முழங்கால் நுழைய சுமார் 70 செ.மீ. உயரம் வேண்டும், நாற்காலியின் கைப்பகுதி இடித்தால் கழற்றும் வகை நாற்காலியா என்று பாருங்க. கால் மிதி அவருக்குப் பயன்படாது. சர்வோ மோட்டார் (வேகத்தை மின்னணு முறையில் கட்டுப்படுத்தும் வகை) மெஷினில் மிதிக்குப் பதில் கையால் அல்லது முழங்கையால் அழுத்தும் கட்டுப்பாட்டை மெக்கானிக்கை வைத்துப் பொருத்தலாம். பழைய கிளட்ச் மோட்டாரில் வேகத்தைக் கையால் அடக்குவது கடினம், அதில் முயலாதீங்க. துணியை இரு கையாலும் பிடிக்க வேண்டிய ஆபரேஷனுக்கு முழங்கைக் கட்டுப்பாடு. சின்ன நேர்த்தையலுக்குக் கைக் கட்டுப்பாடு சரிவரும்.

இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லாதவருக்குப் புண் வந்தாலும் வலி தெரியாது. 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை கைகளை ஊன்றி உடம்பைத் தூக்கி எடை மாற்றணும். அது ஒரு நிமிட வேலை, ஆனால் லைன் டார்கெட் கழுத்தை நெரித்தால் அவர் செய்யமாட்டார். ஒரு படுக்கைப் புண் மாதக்கணக்கில் படுக்க வைத்துவிடும். ஆகவே டார்கெட்டை முடிவு செய்யும்போதே இந்த நிமிடங்களைக் கழித்துவிட்டுப் போடுங்க. டியூப் போட்டுச் சிறுநீர் எடுப்பவராக இருந்தால் 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை கை கழுவ இடமும் மறைவும் வேண்டும். கழிவறை சரியில்லாத இடத்தில் இவர்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிடுவார்கள். பிறகு சிறுநீர்த் தொற்று, காய்ச்சல், லீவு, கடைசியில் வேலையே போய்விடும். மேலே வரைவாளர் சொன்னதன் காரணம் இதுதான்.

அயர்னிங் பாய்லர் பக்கத்தில் அவர் மெஷினைப் போடாதீங்க. முதுகுத்தண்டின் மேல்பகுதியில் பாதிப்பு உள்ளவர்களுக்கு அடிபட்ட இடத்துக்குக் கீழே வியர்க்காது, உடம்புச் சூடு தணியாது.

கைமொழி

காது கேளாதவருக்கு எழுதிக் காட்டினால் போதும் என்று நினைப்பார்கள். இந்தியச் சைகை மொழிக்குத் தனி இலக்கணம் உண்டு. தமிழ் அவர்களில் பலருக்கு இரண்டாவது மொழி. நீளமான வாக்கியத்தில் நோட்டீஸ் ஒட்டினால் புரியாமல் தலையாட்டிவிட்டுப் போவார்கள். செக்கிங்குக்கு நல்ல வழி: ஒரு பலகையில் சரியான பீஸ் ஒன்று, பக்கத்தில் ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்டது, பிசிறு, ஷேடு மாறியது என்று உண்மையான குறைபாட்டுத் துண்டுகளை ஒட்டுங்க. ஒவ்வொன்றுக்கும் அவரும் சூப்பர்வைசரும் சேர்ந்து ஒரு சைகை முடிவு செய்யட்டும். மத்திய அரசு 2015-இல் அமைத்த இந்தியச் சைகை மொழி ஆய்வு, பயிற்சி மையத்தின் அகராதியில் 10,000 சொற்களுக்கு வீடியோ இருக்கிறது, இலவசம். சூப்பர்வைசரும் பக்கத்து டேபிள்காரரும் தினம் ஐந்து சைகை கற்றால் முதல் மாதத்திலேயே அன்றாடப் பேச்சு ஓடும்.

தீ அலாரத்தோடு மின்னும் விளக்கு வேண்டும். செக்கிங்கில் ஒன்று, சாப்பாட்டு இடத்தில் ஒன்று, கழிவறைக்குள்ளும் ஒன்று. கழிவறையை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். தள்ளுவண்டி திரும்பும் மூலையில் குவி கண்ணாடி மாட்டுங்க. சம்பளப் பிடித்தம், எச்சரிக்கை, விபத்து போன்ற விஷயம் பேசும்போது பயிற்சி பெற்ற சைகை மொழிபெயர்ப்பாளரை வீடியோ அழைப்பிலாவது வையுங்க. அவர் வீட்டுக் குழந்தையை வைத்து மொழிபெயர்க்கச் சொல்லாதீங்க.

இன்னொன்று. 64 பேரில் ஒரே ஒரு காது கேளாதவர் என்றால் சாப்பாட்டு நேரத்தில் பேச ஆள் இருக்காது. முடிந்தால் இரண்டு பேராகச் சேருங்க. அந்தத் தனிமைதான் பலரை வேலையை விட்டு விரட்டுகிறது.

துணைப்பயிற்சி

பேக்கிங் தம்பிக்கு. "பேக்கிங் பண்ணு" என்பது ஒரு வேலை இல்லை, எட்டு வேலை: பீஸை எடு, அட்டை வைத்து மடி, டேக் பார், பாலிபேக்கில் போடு, ஒட்டு, சைஸ் ஸ்டிக்கர், பத்து எண்ணு, பெட்டியில் வை. முதல் வாரம் கடைசி இரண்டை மட்டும் கொடுங்க. எண்ணுவது சிரமமாக இருந்தால் பத்து குழி உள்ள தட்டு செய்யுங்க. குழி நிரம்பினால் பத்து. ஒவ்வொரு படிக்கும் போட்டோ எடுத்து டேபிளில் வரிசையாக ஒட்டுங்க.

கட்டளை ஒருவரிடமிருந்து மட்டும் வரணும். சூப்பர்வைசர், கான்ட்ராக்டர், மேனேஜர் மூவரும் ஆளுக்கொன்று சொன்னால் அவர் குழம்பி அப்படியே நின்றுவிடுவார், சோம்பேறி என்ற பேர் வந்துவிடும். ஸ்டைல் மாறும் நாள்தான் உங்கள் யூனிட்டில் சிக்கல். மடிப்பும் ஸ்டிக்கரும் மாறும். அந்த நாளில் முதல் மணி நேரத்தைப் பயிற்சிக்கு ஒதுக்கி, போட்டோக்களையும் மாற்றுங்க. பயிற்றுநர் ஒருவர் முதல் இரண்டு மூன்று வாரம் முழுநேரம் கூட இருந்து, பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள், அப்புறம் வாரம் ஒருமுறை என்று விலகணும். திடீரென்று விலகினால் வேலை கெடும். சிறப்புப் பள்ளிகளிலும் தொழிற்பயிற்சி மையங்களிலும் கேட்டால் பயிற்றுநர் கிடைப்பார்.

22 வயது ஆணை "குழந்தை" என்று கூப்பிட வேண்டாம். மற்றவர்களுக்கு வாங்க போங்க என்றால் அவருக்கும் அதுவே. சம்பளம் அவருடைய கணக்கில் போகட்டும்.

சட்டப்பிரிவு

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம்தான் அடிப்படை. 4 சதவீத இடஒதுக்கீடு அரசு நிறுவனங்களுக்கு. தனியார் மேல் அந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் 21-ஆம் பிரிவும் 2017 விதிகளும் உங்களுக்குப் பொருந்தும். 20 பேரோ அதற்கு மேலோ உள்ள தனியார் நிறுவனம் சமவாய்ப்புக் கொள்கையை விரிவாக எழுதணும்: எந்த வேலைகள் பொருந்தும், தேர்வு முறை, பயிற்சி, என்ன வசதி, யார் தொடர்பு அலுவலர். அதன் நகலை மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் பதிவு செய்து, கம்பெனியில் ஒட்டியும் வைக்கணும். 22-ஆம் பிரிவுப்படி மாற்றுத்திறனாளிப் பணியாளர்களுக்குத் தனிப் பதிவேடு வேண்டும். மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை, மறுமுறை 50,000 முதல் 5 லட்சம் வரை அபராதம்.

அடையாள அட்டையில் குறைபாடு 40 சதவீதம் இல்லை என்று வசதியை மறுக்காதீங்க. அந்த எல்லை இடஒதுக்கீடு போன்ற சலுகைகளுக்கு. நியாயமான வசதி செய்து தருவதற்கு அது நிபந்தனை இல்லை என்று 2021-இல் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. சதவீதம் மருத்துவ அளவு. ஒருவர் ஒரு மணி நேரத்தில் எத்தனை பீஸ் முடிப்பார் என்பது அதில் தெரியாது.

சம்பளம்: முதல் மூன்று மாதம் ஷிப்ட் சம்பளமே கொடுங்க. மெஷின், டேபிள், பழக்கம் எதுவும் சரியாகாத நேரத்தில் பீஸ் ரேட் போட்டால் கையில் வருவது பஸ் செலவுக்கே சரியாகிவிடும். பிறகு பீஸ் ரேட்டுக்கு மாறுவதா என்பதை அவரோடு பேசி முடிவு செய்யலாம். குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகக் கூடாது. இ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீட்டில் மாதச் சம்பள வரம்பு மற்றவர்களுக்கு 21,000 ரூபாய், மாற்றுத்திறனாளிகளுக்கு 25,000; கணக்குப்பிள்ளை 21,000-ஐ வைத்து விலக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்க.

திருப்பூர்_யூனிட்

வேலைக்கு வந்துபோக என்ன வழி? மூவரும் 8 முதல் 14 கிலோமீட்டர் தூரத்திலிருந்து வருகிறார்கள்.

துணைப்பயிற்சி

சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் 2021 முதல் பெண்களோடு மாற்றுத்திறனாளிகளுக்கும் உடன் வருபவருக்கும் கட்டணம் இல்லை. தம்பியோடு முதல் இரண்டு வாரம் பயிற்றுநரோ வீட்டாரோ பஸ்ஸில் வரட்டும். ஏறும் நிறுத்தம், இறங்கும் நிறுத்தம், பஸ் தவறினால் யாருக்குப் போன் செய்வது என்று பழக்கணும். படிக்கட்டுப் பேருந்தில் டெய்லரால் ஏற முடியாது. இணைப்புச் சக்கரம் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டருக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் இப்போதே விண்ணப்பிக்கச் சொல்லுங்க. அது வரும்வரை கம்பெனி வேன் எடுங்க. ஸ்கூட்டர் வந்ததும் சரிவின் அடியில் கூரை போட்ட நிறுத்துமிடம் வேண்டும், பக்கத்தில் நாற்காலி நிற்க இடம் விட்டு.

அதே அலுவலகத்தில் இன்னொன்றையும் கேளுங்க. பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய் வாங்குபவராக இருந்தால், வேலைக்குச் சேர்ந்தபின் அது தொடருமா என்று எழுத்தில் பதில் வாங்கி வீட்டாரிடம் காட்டுங்க. அந்தப் பயம் தீராமல் வீட்டில் அனுப்பமாட்டார்கள்.