பழைய செட்டிநாட்டு வீட்டில் குடியேறுகிறோம்: தீப் பாதுகாப்பை எங்கிருந்து தொடங்குவது?

பள்ளத்தூர் வாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். பள்ளத்தூரில் ஏறக்குறைய நூறாண்டுப் பழமையான ஒரு வீட்டில் எங்களுக்கு இருந்த பங்குடன் பங்காளிகள் சிலரின் பங்குகளையும் விலைக்கு வாங்கியிருக்கிறோம். வருகிற தை மாதம் குடியேறுகிறோம். முகப்பு, பட்டாலை (கூடம்), வளவு (அறைகள் சூழ்ந்த திறந்த முற்றம்), இரண்டாங்கட்டு, அடுப்படி என்று இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் வீடு அது. வளவைச் சுற்றியுள்ள அறைகளில் இரண்டு, வெளிநாட்டில் இருக்கும் பங்காளிகளுக்கு உரியவை. அவை பல ஆண்டுகளாகப் பூட்டியே கிடக்கின்றன.

தூண், உத்தரம், மச்சு (மர உட்கூரை), நிலை, கதவு எல்லாமே பர்மாத் தேக்கு. மின்சார வயர்கள் பெரும்பாலும் மரச்சட்டத்தின் மேல் ஓடுகின்றன; மீட்டருக்குக் கீழே பீங்கான் ஃபியூஸ்கள்தாம் உள்ளன. இதுவரை திருமணம், படைப்பு போன்ற நாட்களில் மட்டும் திறந்து பூட்டிய வீட்டில், இனி முழங்கால் வலியுள்ள என் தாயாரும் இரண்டு சிறு பிள்ளைகளும் இரவும் பகலும் இருக்கப் போகிறார்கள். இரண்டு படுக்கையறைகளுக்கு ஏசி, குளியலறைக்கு கீசர், அடுப்படிக்கு இண்டக்‌ஷன் அடுப்பு ஆகியவற்றை வாங்க எண்ணியுள்ளோம். சாரல் அடிக்காமல் இருக்க வளவின் திறந்த பகுதிக்கு மேல் பிளாஸ்டிக் ஷீட் போடவும் ஒருவர் விலை சொல்லியிருக்கிறார்.

இவ்வளவு மரம் உள்ள வீட்டில் தீ பற்றினால் என்ன ஆகும் என்ற கவலை என் தாயாருக்கு மிகுதியாக இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்யும் வசதி எங்களுக்கு இல்லை. எதை முதலில் செய்ய வேண்டும், எதைத் தள்ளிவைக்கலாம் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

காரைக்குடி மின்பணி

வணக்கம் ஐயா. நான் மின்பணி ஒப்பந்த உரிமம் பெற்று இந்தப் பகுதி வீடுகளில் வேலை செய்து வருகிறேன். உங்கள் பட்டியலில் ஏசி இருக்கிறது, கீசர் இருக்கிறது. வயரிங் மாற்றுவது இல்லை. அதைத்தான் முதலில் வைக்க வேண்டும் என்பேன்.

இந்த வீடுகளுக்கு வயரிங் போட்ட காலத்தில் அறைக்கு ஒரு பல்பும் பட்டாலைக்கு ஒரு மின்விசிறியும்தான் கணக்கு. இன்று 2,000 வாட் கீசர் ஒன்று மட்டுமே 230 வோல்ட்டில் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கிறது. வயரில் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும் என்பதால், ஓட்டம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்காகிறது. அந்தச் சூட்டைத் தாங்க வேண்டியது பல ஆண்டுகளாகக் காய்ந்து, தொட்டால் உதிரும் ரப்பர் உறை. அதற்கு அடியில் இருப்பதோ உலர்ந்த மரச்சட்டம். இதோடு, ஃபியூஸ் போன போதெல்லாம் கையில் கிடைத்த தடித்த கம்பியை யாரோ சுற்றி வைத்திருப்பார்கள். ஃபியூஸ் முதலில் உருகினால்தான் வயர் தப்பும். தடித்த கம்பி போட்ட வீட்டில் ஃபியூஸ் நிற்கும், வயர் எரியும்.

ஆகவே குடியேறுவதற்கு முன், வயர்களின் காப்பு எந்த நிலையில் இருக்கிறது என்பதை மெகர் கருவியால் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். 500 வோல்ட்டில் சோதிக்கும்போது ஒரு மெகாஓமுக்குக் குறைந்தால் அந்த வழியை அப்படியே கைவிட வேண்டும். என் கருத்தில், நீங்கள் சொல்லும் வயதுள்ள வீட்டுக்கு முழு வயரிங்கையும் புதிதாகப் போடுவதே முறை. சுவரைக் குடைய வேண்டியதில்லை. பளிங்கு போன்ற அந்தச் சுண்ணாம்புப் பூச்சை ஒருமுறை உடைத்தால் அதே மெருகில் திரும்பப் பூசும் கொத்தனார் கிடைப்பது அரிது. சுவரும் மச்சும் சேரும் மூலையை ஒட்டிக் குழாய் வழியாக வயரை மேலாகவே கொண்டு போகலாம். மரத்தை ஒட்டிச் செல்லும் இடங்களில் மட்டும் இரும்புக் குழாய் போடுங்கள். தீ எளிதில் பரவாத, புகை குறைவாக விடும் எஃப்ஆர்எல்எஸ் வகை வயரைக் கேட்டு வாங்குங்கள்.

ஏசி, கீசர், இண்டக்‌ஷன் அடுப்பு ஒவ்வொன்றுக்கும் மின்பகிர்வுப் பெட்டியிலிருந்து தனி வயர் வழி வேண்டும். ஏசிக்கு 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரும் 20 ஆம்பியர் எம்சிபியும் (பளு மீறினால் தானாக விழும் சுவிட்ச்) பொதுவாகப் போதும். எம்சிபி காப்பது வயரைத்தான் என்பதால், வயரின் பருமனைப் பார்த்தே அதன் அளவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அடிக்கடி விழுகிறது என்று பெரிய எம்சிபியை மாற்றிப் போடுவது பழைய ஃபியூஸ் கதையேதான். எல்லாவற்றுக்கும் முன்னால் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) ஒன்று இருக்கட்டும். பழைய வயரிங்கில் கசிவு இருப்பதால் அது ஓயாமல் விழும். தொந்தரவாக இருக்கிறது என்று அதைக் கழற்றிவிடச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். கசிவைத் தேடிச் சரிசெய்யுங்கள், கருவியைக் கழற்றாதீர்கள். நல்ல எர்த் குழியும் புதிதாகப் போட வேண்டும். கூடுதல் மின்பளுவுக்கு மின்வாரியத்தில் விண்ணப்பிப்பதையும் இப்போதே தொடங்குங்கள்.

மச்சுப் பலகையைத் துளைத்து அதற்குள் எல்இடி விளக்குகளைப் பதிப்பது இப்போது பரவி வருகிறது. அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் சூடாகும் மின்பெட்டி தேக்குப் பலகைக்கும் மேல்தளத்துக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாமல் உட்கார்ந்துவிடுகிறது. அதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். பணம் போதவில்லை என்றால் இரண்டாவது ஏசியைத் தள்ளிவையுங்கள். வயரிங்கைப் பாதியில் நிறுத்த வேண்டாம்.

ஓய்வுபெற்ற தீயணைப்புப் பணியாளர்

மேலே எழுதிய தம்பியின் யோசனைகள் அத்தனையையும் வழிமொழிகிறேன். தீ பற்றிவிட்டால் என்ன என்பதைப் பற்றிச் சில செய்திகளைச் சொல்கிறேன்.

முதலில் தாயாரின் அச்சத்துக்கு. தடித்த தேக்கு உத்தரம் அவ்வளவு விரைவாக வீழ்வதில்லை. வெளிப்பரப்பு கரியாகி, அந்தக் கரியே உள்மரத்துக்குக் காப்பாகிவிடுவதால், எரிதல் பொதுவாக நிமிடத்துக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகவே உள்ளே செல்கிறது. அஞ்ச வேண்டியவை வேறு: மெல்லிய மச்சுப் பலகைகள், அடுக்கடுக்காகப் பூசிய வார்னிஷ், பஞ்சு மெத்தை, ஃபோம் சோஃபா, பூட்டிய அறையில் குவிந்துள்ள பழைய கணக்கேடுகளும் துணியும் பாயும். மனிதரைக் கொல்வது பெரும்பாலும் புகை. உறங்குபவருக்கு அதன் வாசனை விழிப்பைத் தரும் என்று நம்ப முடியாது.

இங்கேதான் உங்கள் வளவு உதவுகிறது. வானம் பார்த்த முற்றம் வழியாகப் புகையும் வெப்பமும் மேலே வெளியேறும்; சுற்றியுள்ள அறைகளிலிருந்து ஓடி வருபவர்களுக்குக் கீழே மூச்சுவிட இடம் கிடைக்கும். அதன் மேல் பிளாஸ்டிக் ஷீட்டைப் போட்டு மூடினால் புகை மச்சுக்குக் கீழே பரவி எல்லா அறைகளின் வாசலுக்கும் இறங்கும்; ஷீட்டும் உருகிச் சொட்டும். சாரலைத் தடுத்தே ஆக வேண்டும் என்றால், ஓட்டுத் தாழ்வாரத்துக்கு மேலே நன்றாக உயர்த்தி, நான்கு பக்கமும் காற்றுப் போக இடம் விட்டு, உலோகத் தகட்டால் அமைக்கச் சொல்லுங்கள். என்னைக் கேட்டால் திறந்தே விடுவேன்.

இரண்டாவது, வெளியேறும் வழி. இரண்டு தெருவுக்கு இரண்டு வாசல் என்பது நகரத்து அடுக்குமாடி வீடுகளுக்கு வாய்க்காத வசதி. ஆனால் நான் பார்த்த வீடுகள் பலவற்றில் பின்வாசலுக்குக் குறுக்கே விறகும் உடைந்த நாற்காலியும் கிடக்கும். சாவி எங்கே என்று ஊரிலுள்ள ஒருவருக்கே தெரியும். சன்னல்களிலோ இரும்புக் கம்பி. அவற்றின் வழியே யாரும் வெளியேற முடியாது. ஆகவே பின்வாசலை வாரம் ஒருமுறை திறந்து மூடுங்கள். உங்கள் தாயாரின் கைக்கு எட்டும் உயரத்தில் தாழ்ப்பாள் இருக்கட்டும். உள்ளே இருந்து சாவி தேடாமல் திறக்கும் ஏற்பாடு இரவில் இரண்டு வாசலுக்கும் வேண்டும். உயரமான நிலைப்படிகள் இருட்டில் காலை இடறும். அவற்றின் அருகே மின்சாரம் போனாலும் எரியும் சிறு விளக்கு வையுங்கள். தாயாருக்கு வளவு அறையைவிட ஏதேனும் ஒரு வாசலுக்குப் பக்கத்திலுள்ள அறை பொருத்தம்.

புகை உணர்த்தும் கருவியைத் திறந்த வளவில் மாட்டிப் பயனில்லை. உறங்கும் அறைகளின் உட்கூரையிலும், மாடிப்படியின் உச்சியிலும், ஏசிக்காகக் கதவடைக்கும் அறைகளில் கட்டாயமாகவும் மாட்டுங்கள். ஒளியால் உணரும் வகை, கனன்று எரியும் பஞ்சு, மரத் தீயை முன்னதாகக் கண்டுகொள்ளும். வீடு நீளமானது என்பதால் இரண்டாங்கட்டில் ஒலிப்பது முகப்பில் படுத்திருப்பவருக்குக் கேட்காது. ஒன்று ஒலித்தால் எல்லாம் ஒலிக்கும்படி கம்பியின்றி இணைக்கப்பட்டவற்றை வாங்குங்கள். அடுப்படிக்குப் புகைக் கருவி வேண்டாம், தாளிக்கும் போதெல்லாம் கத்தும். வெப்பம் உணரும் கருவி போதும். மாதம் ஒருமுறை பொத்தானை அழுத்திச் சோதித்து, பத்தாண்டில் புதிதாக மாற்ற வேண்டும்.

தீயணைப்பான் என்றால் ஏபிசி பவுடர் வகை, ஐஎஸ்ஐ முத்திரையுடன். அடுப்படியின் வாசலருகே ஒன்று, பட்டாலையில் ஒன்று. அடுப்புக்கு மேலே மாட்டினால் தீ தாண்டிப் போய் எடுக்க வேண்டியிருக்கும். முள் பச்சையில் நிற்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள். எரிவது குப்பைக்கூடை அளவைத் தாண்டினால் அணைக்க நிற்காதீர்கள். எல்லோரையும் வெளியேற்றி, கதவைச் சாத்திவிட்டு 101 அல்லது 112-ஐ அழையுங்கள். அழைக்கும்போது வீட்டின் விலாச எழுத்துகளை (குடும்பத்தைக் குறிக்கும் முதலெழுத்துகளை) மட்டும் சொன்னால் ஊராருக்குத் தெரியும், காரைக்குடியிலிருந்து வண்டி ஓட்டி வருபவருக்குத் தெரியாது. தெருப் பெயர், பக்கத்திலுள்ள கோயில் அல்லது ஊருணி, எந்த வாசலுக்கு வண்டி வரலாம் என்பதை எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டிவையுங்கள்.

தை மாதம் என்கிறீர்கள். குடிபுகும் அன்று வாசலில் கீற்றுப் பந்தல் போடுவீர்கள். 2004-ஆம் ஆண்டு ஜனவரியில் ஸ்ரீரங்கத்துத் திருமண மண்டபத்திலும், அதே ஆண்டு ஜூலை 16-ஆம் நாள் 94 குழந்தைகளைப் பறிகொடுத்த கும்பகோணம் பள்ளியிலும் தீயைப் பரப்பியது கூரையில் இருந்த காய்ந்த கீற்றுதான். சூடேறும் விளக்குகளையும் ஒட்டுப்போட்ட வயர்களையும் கீற்றின் மேல் கட்ட விடாதீர்கள். ஓமத்தைப் பந்தலுக்குக் கீழே அன்றி வளவில் வளர்க்கச் சொல்லுங்கள்.

தேவகோட்டை ஆச்சி

தம்பி, அடுப்படியைப் பற்றி இன்னும் யாரும் விரிவாக எழுதவில்லை என்பதால் எழுதுகிறேன்.

நம் வீடுகளில் பலகாரம் என்றால் கிலோக் கணக்கில்தான். தேன்குழலும் சீப்புச் சீடையும் சுடும் நாளில் பெரிய இருப்புச் சட்டியில் எண்ணெய் மணிக்கணக்காகக் காயும். எண்ணெய் புகையத் தொடங்கினால் அது தீப்பிடிக்கும் நிலையை நெருங்குகிறது என்று பொருள். பற்றிக்கொண்டால் அடுப்பை அணைத்து, சட்டியைவிடப் பெரிய தட்டையோ மூடியையோ பக்கவாட்டிலிருந்து நகர்த்தி மூட வேண்டும். ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினாலும் அது அடியில் போய் நொடியில் ஆவியாகி, எரியும் எண்ணெயை மச்சு வரை எறியும். சட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடவும் கூடாது. மூடிய சட்டி ஆறும் வரை திறக்காதீர்கள். சமைக்க வருபவர்களுக்கும் இதைச் சொல்லி, அந்த மூடியை அடுப்பின் பக்கத்திலேயே வைத்த பிறகுதான் நான் அடுப்பைப் பற்ற வைப்பேன்.

கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தங்கும். வாசனை வந்தால் ரெகுலேட்டரை மூடி, கதவுகளைத் திறந்து, எந்த சுவிட்சையும் தொடாமல், போடவும் கூடாது அணைக்கவும் கூடாது, வெளியே வந்து 1906-க்குச் சொல்லுங்கள். சிலிண்டரின் கழுத்துப் பட்டையில் பி-27 என்பதுபோல் எழுதியிருக்கும். ஏ முதல் டி வரை ஆண்டின் நான்கு காலாண்டுகள், எண் அந்த ஆண்டு. அது சிலிண்டரை மறுசோதனை செய்ய வேண்டிய கெடு; அது கடந்த சிலிண்டரை வாங்காதீர்கள். ரப்பர் டியூபை ஐந்தாண்டுக்குள் மாற்றுங்கள்.

குடிபுகுமுன் தூணுக்கும் கதவுக்கும் மெருகு போடுவீர்கள் அல்லவா? ஆளிவிதை எண்ணெய் தோய்த்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால், அது காற்றோடு சேர்ந்து தானாகவே சூடேறி, நெருப்பு இல்லாமலே பற்றிக்கொள்ளும். வேலையாட்கள் மாலையில் போட்டுவிட்டுப் போவார்கள், இரவில் கனலும். துணிகளை விரித்து வெளியில் காயப் போடுங்கள், அல்லது நீர் நிறைந்த மூடியுள்ள தகர டப்பாவில் போட்டுவிடுங்கள்.

பள்ளத்தூர் வாசி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஷீட் போடும் எண்ணத்தைக் கைவிட்டோம். ஒரே ஒரு ஏசியுடன் தொடங்குகிறோம். பூட்டிய அந்த இரண்டு அறைகள்தாம் மீதிக் கவலை. எங்கள் பகுதிக்கான பழைய வயர்கள் அவற்றின் வழியாகவே போகின்றன. சாவியோ எங்களிடம் இல்லை.

காரைக்குடி மின்பணி

ஐயா, கூட்டு வீடுகளில் இதுதான் மிகவும் கவனிக்காமல் விடப்படும் ஆபத்து. யாரும் நுழையாத அறையில் எலி கடித்த வயர் உயிரோடு இருக்கும்; புகை கதவிடுக்கில் வரும் வரை ஒருவருக்கும் தெரியாது. புதிய வயரிங்கை அந்த அறைகளைத் தொடாமல் வெளிச்சுவரை ஒட்டியே சுற்றிக் கொண்டுபோங்கள். பழைய வழியை வெறும் சுவிட்சை அணைத்து விடாமல், இரு முனைகளிலும் வயரையே துண்டித்து முனைகளைக் காப்பிட்டு மூடச் சொல்லுங்கள். அதற்கு முன் பங்காளிகளுக்கு எழுத்தில் தெரிவித்து ஒப்புதல் வாங்கிக்கொள்வது நல்லது. அவர்கள் அறைக்கு மின்சாரம் வேண்டும் என்றால், பெட்டியில் அவர்கள் பெயரெழுதிய தனி எம்சிபியும் ஆர்சிசிபியும் வைத்து, அவர்கள் வரும்போது மட்டும் போட்டுக்கொள்ளலாம்.

ஓய்வுபெற்ற தீயணைப்புப் பணியாளர்

அதே கடிதத்தில் ஒரு சாவியை ஊரிலேயே நம்பிக்கையானவரிடம் கொடுத்துவைக்கும்படியும், அடுத்த முறை வரும்போது உள்ளே இருக்கும் கணக்கேடுகளையும் பழந்துணிகளையும் அகற்றித் தரும்படியும் கேளுங்கள். அதுவரை அந்த இரு அறைகளின் கதவுக்கு வெளியே, தாழ்வாரத்து மச்சில் ஒரு புகைக் கருவியை மாட்டி மற்றவற்றுடன் இணைத்துவிடுங்கள்.